இரண்டாம் இருக்கையின் பழுது

எங்கள் நிகழ்ச்சியில் பஸ்ஸரை அமுக்க விரல் தேவையில்லை. காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பின்மேல் ஒரு சின்ன வில்லையை ஒட்டுவோம். பெரிய ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும், அதனால் ஸ்டுடியோவில் எல்லோரும் அதைப் பொட்டு என்றுதான் சொல்வார்கள். கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே விடை யார் மனதில் எழுகிறதோ, அவருடைய மேசை விளக்கு எரிந்துவிடும். முதலில் எரிந்தவரின் பெயர் திரையில் வரும், அவர் மூன்று விநாடிக்குள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பத்து மதிப்பெண் போய்விடும்.

'யார் முதலில்' தொடங்கிய புதிதில் இதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். தெரியாமலே அமுக்கிவிட்டு அப்புறம் யோசிக்கிறவர்களின் ஆட்டம் முடிந்தது என்றார்கள். எனக்கு நினைவிருப்பது வேறு. ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். ஒரு மணி நேரமும் அவர் விளக்கு எரியவே இல்லை. மற்றவர்கள் சொன்ன பிறகு "ஆமா, அதேதான்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு டியூஷனுக்கு அதன்பின் பிள்ளைகள் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். தம்பதிகள் வாரத்தில் ஒரு அம்மா வந்தார். பன்னிரண்டு கேள்விக்கு அவர் விளக்குதான் முதலில் எரிந்தது. பன்னிரண்டு தடவையும் அவர் பக்கத்து மேசையிலிருந்த கணவர் முகத்தைப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. ஸ்கோர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. பார்வையாளர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

பொட்டு ஒட்டுவது என் வேலை. அப்பா படப்பிடிப்புகளுக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டினார். நான் ஒன்பதாவது படிக்கும்போது நடுவருஷத்தில் கோவில்பட்டியிலிருந்து குடும்பத்தோடு போரூர் வந்துவிட்டோம். பள்ளியில் டி.சி. வாங்கவில்லை. அடுத்த மாதம் போய் வாங்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வருஷம் போயிற்று. அதன்பிறகு என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருந்தது. மைக்குக்கு பேட்டரி மாற்றப் போனேன், அப்படியே பொட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

எனக்கும் ஒரு பொட்டு உண்டு. ஐந்தாவது. வேலைக்குச் சேர்ந்த அன்று கன்ட்ரோல் ரூமில் விளக்கும் ஸ்கோரும் கிராபிக்ஸும் பார்க்கும் முபாரக் அண்ணனிடம் கேட்டேன்.

"எனக்கு எதுக்குண்ணே?"

"இந்த ஏசி குளிரு, லைட்டு சூடு, வெளிய உங்கப்பா ஜெனரேட்டர் போடுற கூச்சல், எல்லாம் மண்டைக்குள்ள ஆடும்மா. போட்டியில இல்லாத மண்டை ஒண்ணு வேணும். அதுல ஆடுறதை மத்த நாலு பேர்கிட்டேந்து கழிச்சிட்டா, மிச்சம் இருக்கிறது விடை."

"அப்ப நான் எதுவும் யோசிக்காம இருக்கணுமா?"

"நீ யோசிச்சா இன்னா, யோசிக்காட்டி இன்னா? உன் லைட்டு மேல கறுப்பு டேப் ஒட்டியாச்சு, போ."

உண்மைதான். ஃப்ளோரின் ஓரத்தில் நான் உட்காரும் கண்ணாடி அறையின் வெளிச்சுவரில் ஐந்தாவது விளக்கு இருந்தது. அதன்மேல் இரண்டு சுற்றுக் கறுப்பு டேப். சோதனையின்போது விளக்குகள் எந்தக் கேள்விக்கும் எரியும். முபாரக் அண்ணன் மைக்கில், "இன்னைக்கு கேன்டீன்ல இன்னா குழம்பு?" என்று கேட்பார். டேப்பின் விளிம்பில் நூல் மாதிரி வெளிச்சம் தெரியும். "பாரு, சோத்துக்கு மட்டும் டாண்ணு எரியுது பொட்டுக்கார அம்மாவுக்கு" என்பார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் நேரக் கணக்குத் தாளை அச்செடுத்து இன்ஜினியர் சார் மேசையில் வைப்பதும் என் வேலை. கேள்விக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டம். யாருக்கு எந்த விநாடியின் எத்தனையாவது பங்கில் விடை தோன்றியது என்று அதில் இருக்கும். ஐந்தாவது கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். பழைய கேள்வி அட்டைகளைக் குப்பைக்குப் போகுமுன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் படித்து, இருபது கேள்வியில் பதினான்குக்கு நான்தான் முதலில் வந்திருப்பேன். ஒரு பேராசிரியரை முந்தியிருக்கிறேன். கலெக்டர் ஆகப் போகிறேன் என்று சொன்ன ஒரு பையனை எல்லாக் கேள்வியிலும் முந்தியிருக்கிறேன். தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போவேன். அது போதும் என்று இருந்தேன்.

அப்போதுதான் ஜெபசெல்வி வந்தாள்.

பட்டியலில் பெயரைப் பார்த்தபோதே கை குளிர்ந்துவிட்டது. கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர், கோவில்பட்டி. பழுப்பு நிறக் கைத்தறிச் சேலை, பெரிய டயல் வைத்த கடிகாரம், கழுத்தில் ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. எட்டாவதில் மாவட்ட வினாடி வினாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு அணி. மேசைமேல் தட்டும் மணி வைத்திருப்பார்கள். விடையை நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு அவள் காதில் சொல்வேன். அவள் மணியைத் தட்டி எழுந்து சொல்வாள். எனக்கு எழுந்து நின்றால் தொண்டை அடைத்துவிடும். கோப்பை கிடைத்தது. பேப்பரில் போட்டோ வந்தது. கோப்பையோடு அவள், பக்கத்தில் என் முழங்கை. முழங்கை மட்டும்தான். அம்மா அதைக் கத்தரித்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த ஜெபசெல்வியின் பின்னால் நின்று, அவள் கூந்தலை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் பொட்டை ஒட்டினேன். ஒட்டியபின் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கட்டாயம் தெரிந்திருக்கும் கேள்வி ஒன்று, கட்டாயம் தெரிந்திருக்காத கேள்வி ஒன்று. விளக்கு மேசையின் முன்பக்கம் இருப்பதால் பின்னால் நிற்கும் எனக்குத் தெரியாது. முபாரக் அண்ணன் பார்த்துவிட்டு என் இயர்போனில் சரி என்பார். எல்லோரிடமும் ஒரே இரண்டு கேள்விதான் கேட்பேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை முன்னதாகவே சுடிதாருக்குள் போட்டுவிடுவேன்.

"உங்க பேரு என்ன மேடம்?"

"ஜெபசெல்வி."

"என் பேரு என்ன?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முழுசாகப் பார்த்தாள்.

"தெரியாதே" என்றாள்.

இயர்போனில் முபாரக் அண்ணன், "ரெண்டாவது சீட்டுல சோதனை தப்பா வருது. வேற ஒண்ணு கேளு" என்றார்.

"எங்க வீட்டுக்கு எத்தனை மாடிப்படி?"

"அதெப்படிம்மா எனக்குத் தெரியும்?" என்று சிரித்தாள். அண்ணன் சரி என்றார். பழுதுத் தாளில் எழுதினேன்: இருக்கை 2, சோதனை தவறுகிறது, மேசைக்கடியில் உள்ள இணைப்புப் பெட்டியைப் பார்க்கவும்.

தெரியாதே. அந்த ஒரு வார்த்தை அன்று முழுக்க என்னை அரித்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸில் கை வைத்து, என் வாயிலிருந்து விடையை வாங்கியவளுக்கு என்னைத் தெரியவில்லை. மறந்தவளை நன்றாக வெறுக்கலாம் என்று தோன்றியது. வெறுத்தேன். அவள் கைக்கடிகாரத்தை வெறுத்தேன். தொகுப்பாளர் நிரஞ்சன் கிண்டல் செய்தால் பதிலுக்கு அவரை மடக்கி எல்லோரையும் சிரிக்க வைப்பதை வெறுத்தேன். அவளுடைய மாணவிகள் பத்துப் பேர் ரயிலேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கத்தியதை வெறுத்தேன். அவள் டீ வாங்கும்போது பரிமாறுகிறவரிடம் "தேங்க்ஸ்ணே" என்று சொன்னதைக்கூட வெறுத்தேன். நான் அப்படிச் சொல்ல நினைத்து, சொல்லாமலே டம்ளரை வாங்கிவிடுகிறவள்.

அன்று நேரக் கணக்குத் தாளைத் திறந்தேன். ஜெயித்திருப்பேன் என்று நிச்சயமாக நினைத்திருந்தேன். மணியைத் தட்ட மட்டும் தெரிந்தவள்தானே அவள்? இருபது கேள்வியில் அவள் பதினொன்று. நான் ஆறு.

மறுபடியும் எண்ணினேன். ஆறுதான்.

இரண்டு வருஷத்தில் என்னை முந்திய முதல் ஆள். அவள் என்னிடமிருந்துதான் எடுத்தாள் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் கோப்பை என்னுடையது என்றும். கையில் இருந்த தாள் வேறு ஏதோ சொன்னது. அதை மட்டும் மேசையில் வைக்காமல் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அடுத்து நான்கு வாரமும் அவள் வந்தாள், ஜெயித்தாள். ஒவ்வொரு வாரமும் நான் பின்னால் நின்று பொட்டு ஒட்டினேன். ஒவ்வொரு வாரமும் "என் பேரு என்ன?" என்றேன், அவள் "தெரியாதே" என்றாள். ஒவ்வொரு வாரமும் இரண்டாவது இருக்கை சோதனையில் தவறியது. பெட்டியை மாற்றினார்கள். மேசை விளக்கை மாற்றினார்கள். ஒரு வாரம் நாற்காலியையே மாற்றினார்கள். "உன் கார்டைப் படிச்சிருப்பாங்க" என்றார் முபாரக் அண்ணன். "என் இயர்போன்ல நீங்க கனி, கனின்னு கத்துறது அவங்களுக்குக் கேட்டிருக்கும்" என்றேன் நான். சத்தத்தைக் குறைத்தோம். அப்படியும் சரியாகவில்லை.

அரையிறுதியில் நிரஞ்சன் அவளிடம், "மேடம், வாழ்க்கையில முதல்முதலா எப்போ ஜெயிச்சீங்க?" என்று கேட்டார்.

"எட்டாவது படிக்கும்போது. மாவட்டப் போட்டி. அப்பல்லாம் இந்தப் பொட்டு ஏது, மேசையில மணி இருக்கும். நான் தட்டுன தட்டுல மணி கழன்று நடுவர் காலடியில போய் விழுந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மணி விழுந்தது உண்மை. அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தது நான். அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு முன்னால் சாய்ந்திருந்தேன். 'நான் தட்டினேன்' என்றாள். அதோடு முடிந்தது. நிரஞ்சன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இறுதிப் போட்டிக்குப் பரிசு ஒரு ஆய்வுக்கூடம். ஜெயிக்கிறவர் தான் படித்த பள்ளியின் பெயரைச் சொன்னால், அங்கே தொலைநோக்கியும் கருவிகளும் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். வாசலில் ஜெயித்தவரின் பெயரில் பலகை இருக்கும். ஜெபசெல்வி எங்கள் பள்ளியைச் சொல்லியிருந்தாள். நான் டி.சி. வாங்காமல் வந்த பள்ளி. கணக்குப்படி என் பெயர் இன்னும் அங்கேதான் ஏதோ ஒரு பதிவேட்டில் கிடக்கிறது. இனி அதே பள்ளியின் வாசலில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். போட்டோவில் முழங்கையாவது இருந்தது. பலகையில் அதுவும் இருக்காது.

தெரிந்தே செய்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் ஒரு பெண், கல்யாண வீட்டுக்கு வருகிறவள்போல ஜிமிக்கியும், அதைக் கூந்தலோடு பிணைக்கும் மாட்டலும் போட்டு வந்திருந்தாள். சங்கிலி இடித்ததால் பொட்டை எலும்புக்கு ஒரு விரல் கீழே ஒட்டினேன். விளக்கு எரிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இமை பாதி மூடும் நேரம் பிந்தி எரிந்தது. சோதனையில் இது தெரியாது. எரிகிறதா இல்லையா என்றுதான் சோதனை பார்க்கும், எவ்வளவு சீக்கிரம் என்று பார்க்காது. நான் அதைச் சொன்ன பிறகுதான் மாட்டலைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும் என்று விதி போட்டார்கள். ஒரு விரல் என்ன செய்யும் என்று அந்த ஸ்டுடியோவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இறுதிப் போட்டி அன்று காலை பத்து மணிக்கு ஜெபசெல்வியின் கூந்தலை ஒதுக்கினேன். எலும்பைத் தொட்டேன். ஒரு விரல் கீழே ஒட்டினேன்.

அவள் கை தானாக மேலே வந்தது. பொட்டைத் தொட்டாள். ஆறாவது தடவையாக ஒட்டிக்கொள்கிறவளுக்கு இடம் தெரியாதா? விரல் அங்கேயே சற்று நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க பேரு என்ன மேடம்?"

"ஜெபசெல்வி."

"என் பேரு என்ன?"

"தெரியாதே."

"அட, கடைசி நாள்கூட இந்தச் சீட்டு சரியா வர மாட்டேங்குதே" என்றார் முபாரக் அண்ணன் காதில். "விடு, ஆரம்பிக்கலாம்."

இறுதிப் போட்டிக்கு இரண்டே பேர்தான், எதிரில் மேட்டுப்பாளையத்து வேளாண்மை அலுவலர் தனசேகர். நல்ல மனிதர், கேள்விக்குக் கேள்வி நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பத்தாவது கேள்விவரை சமமாகவே போனது. பதினோராவதில் இரண்டு விளக்கும் எரிந்தன. ஒன்றாகத்தான் எரிந்ததுபோல் தெரிந்தது. ஆனால் திரையில் தனசேகர் பெயர் வந்தது. பதினாலில் அப்படியே. பதினேழிலும். ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறந்து, திரையைப் பார்த்து, மூடிக்கொண்டாள். முன்வரிசையில் அவள் மாணவிகள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். அதில் சின்னவளாக இருந்த ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு காலத்தில் விடை சொல்லும்போது பொத்திக்கொள்வதுபோல.

ஒரு கேள்வி வித்தியாசத்தில் தனசேகர் ஜெயித்தார். அவர் மேடையிலேயே அழுதார். ஜெபசெல்வி போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "சார், உங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு முதல்ல சனி கிரகத்தைக் காட்டுங்க. அந்த வளையத்தைப் பார்த்தா விடமாட்டாங்க" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன்.

நான்கு மணிக்குள் ஃப்ளோர் காலியாகிவிட்டது. முபாரக் அண்ணன் விளக்குகளைச் சோதனையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். தனசேகரை பேட்டிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் பொட்டுப் பெட்டியோடு வெளியே வந்தேன். இரண்டாவது மேசைக்கு முன்னால் ஜெபசெல்வி நின்றுகொண்டிருந்தாள். காதில் பொட்டு அப்படியே இருந்தது.

"எடுத்துறவா மேடம்?" என்றேன்.

"இருக்கட்டும்." என்னைத் தாண்டி நடந்து கண்ணாடி அறையின் சுவரருகே போனாள். "இது என்ன விளக்கு? டேப் ஒட்டிருக்கு?"

"அது... அது என்னோடது. அறைக் கூச்சலைக் கழிக்க."

"ஒன் காதுலயும் இருக்கா?"

நான் தலையாட்டினேன். அவள் நகத்தால் டேப்பின் முனையை நெம்பினாள்.

"மேடம், அதைப் பிரிக்கக் கூடாது."

"பாத்துட்டு ஒட்டிருதேன்." இரண்டு சுற்றையும் பிரித்துக் கையில் உருட்டிக்கொண்டாள். உள்ளே சின்ன மஞ்சள் விளக்கு, தூசிகூட இல்லாமல் புதிதாக இருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னிக்கு எத்தன விரல் கீழ ஒட்டுன?"

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றேன். சட்டென்று, தெளிவாக, தொண்டை அடைக்காமல் சொன்னேன். கை தவறி ஒட்டியவளுக்கு அந்தக் கணக்குத் தெரியாதுதான்.

நான் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.

அவள் அதைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக டேப்புக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கு, வெளியே தெரிந்த முதல் நாளில் இதற்கு எரிந்தது.

"ஒரு விரலா?" என்று கேட்டாள்.

"ம்."

"நெனச்சேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, இப்ப நீ கேளு."

"என்ன கேக்க?"

"வாரா வாரம் கேப்பியே, அதத்தான். இந்தா, முன்னால வந்து நின்னு கேளு."

கையைப் பிடித்து இழுத்து, இரண்டாவது மேசையின் முன்பக்கம் என்னை நிறுத்தினாள். ஆறு வாரமாக அந்த மேசையின் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். முன்னால் நின்றதே இல்லை.

"என் பேரு என்ன?" என்றேன்.

"தெரியாதே" என்றாள் ஜெபசெல்வி. அவள் 'தெ' என்று தொடங்குமுன்பே விளக்கு எரிந்துவிட்டது.

நான் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியை மாற்றினோம். விளக்கை மாற்றினோம். நாற்காலியை மாற்றினோம்.

"மொத நாளேவா?" என்றேன்.

"மொத நாளேதான். ஒன் கை பட்டதுமே. பொட்டு ஒட்டுனாலும் ஒட்டுன, வெரலு ஐஸ் மாதிரி. எட்டாம் வகுப்புலயும் இப்பிடித்தான், போட்டின்னா ஒன் கை செத்த மீனாட்டம் ஆயிரும்."

"அப்புறம் ஏன் தெரியாதுன்னு சொன்ன?"

"நீ என்ன மேடம்னு கூப்டியே, அத யாரு கேக்கது? ஏட்டி மாரிக்கனி, நீ என்னத் தெரியாத மாதிரி நின்ன. சரி, தெரியக்கூடாதுன்னு நெனைக்கா போலன்னு நானும் நின்னேன். ஒருநா சொல்லுவ, ஒருநா சொல்லுவன்னு பாத்தேன்."

"மேடையில கேட்டாங்கல்ல? மணிய நான் தட்டுனேன்னு சொன்னேல்ல?"

"தட்டுனது நாந்தான?"

"விடை?"

அவள் கையிலிருந்த டேப்பை இன்னும் ஒரு சுற்று உருட்டினாள். "ஒன் பேரச் சொன்னா அந்தாளு விடுவாரா? எங்க அந்தத் தோழின்னு தேடி, நீ இந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கன்னு தெரிஞ்சு, லைட்டப் போட்டு மேடைல ஏத்திருவாரு. ஒனக்கு அப்ப எப்பிடி இருக்கும்? அதான் விட்டுட்டேன்."

அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரியுமா தெரியாதா என்பதற்குத்தான் அந்த விளக்கு எரியும். உண்மையா பொய்யா என்று அதனிடம் கேட்க முடியாது.

"ஒண்ணு கேக்கவா?" என்றேன். "அன்னிக்கு நான் ஒன் காதுல சொல்லுததுக்கு முன்னாடியே ஒனக்கு விடை தெரியுமா?"

"பாதி தெரியும்." பொட்டைத் தானே உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். "மிச்சத்துக்கு நீ இருக்கன்னு தெரியும்."

காதுக்குப் பின்னால், இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் கீழே, சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"சாயங்காலம் ரயிலு. பிள்ளைக கேட்டுல நிக்காக" என்றாள். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், என்ன?" என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். உருட்டி வைத்திருந்த கறுப்பு டேப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போகிற வழியில் கதவு திறந்துவிட்ட காவலாளியிடம் "தேங்க்ஸ்ணே" என்று சொன்னது கேட்டது.

டேப்பைக் கையில் எடுத்தேன். ஒட்டும் பசை இன்னும் போகவில்லை. திரும்ப ஒட்டிவிடலாம். முபாரக் அண்ணன் டீ குடித்துவிட்டு வர ஐந்து நிமிஷம் ஆகும். நேரக் கணக்குத் தாளில் ஒரு விரல் தெரியாது. அவளும் சொல்ல மாட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். இதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே போய் நின்றுகொண்டாள்.

பழுதுத் தாளை எடுத்தேன். மேலே ஐந்து வாரமாக என் கையெழுத்தில் ஒரே வரி: இருக்கை 2, சோதனை தவறுகிறது. கீழே எழுத வேண்டியதை யோசித்தேன். இதைப் படித்ததும் இன்ஜினியர் சார் என்னைக் கூப்பிடுவார். இறுதிப் போட்டியை மறுபடி நடத்துவார்கள். தனசேகர் மறுபடி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார், அவரிடம் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. பொட்டு ஒட்ட வேறு யாரையாவது தேடுவார்கள். யார், எதற்காக என்று கேட்பார்கள். நான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று விநாடிக்கு மேலேயே ஆகலாம்.

மை சரியாக வரவில்லை. பேனாவை உதறிவிட்டு எழுதினேன்.

'இறுதிப் போட்டி. இருக்கை 2-க்குப் பொட்டு ஒரு விரல் கீழே ஒட்டப்பட்டது. தெரிந்தே ஒட்டியவர்: சு. மாரிக்கனி, கோவில்பட்டி. இருக்கையில் பழுது எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை.'